மெயில் காட்டுற வழியால போகாதீங்க: கள்ள மெயிலைப் பிடிக்கிற விதம்

கள்ள மெயில் எண்டா எழுத்துப் பிழையோட கோணல் இங்கிலீஷ்ல வரும், கண்டவுடன தெரிஞ்சிடும் எண்ட நினைப்பை முதல்ல விடுங்க. அது பழைய காலம். இப்ப ஏஐ இருக்கு, எந்த நாட்டில இருக்கிறவனும் பிழையில்லாத இங்கிலீஷ்ல எழுதலாம், சிங்களத்தில எழுதலாம், தமிழ்லயும் கச்சேரி, அதாவது அரச ஒஃபிஸ், கடிதம் மாதிரி "தங்களின் மேலான கவனத்திற்கு" எண்டு தொடங்கி வடிவா எழுதலாம். லோகோ அச்சொட்டா இருக்கும், கீழ சைன், சீல், ரெஃபரன்ஸ் நம்பர் எல்லாம் இருக்கும். அதால மெயில்ட முகத்தைப் பார்த்து நல்லதா கள்ளமா எண்டு முடிவெடுக்கேலாது.

பார்க்க வேண்டியது ரெண்டு விசயம். அது நம்மளிட்ட என்ன கேக்குது, எந்த வழியால குடுக்கச் சொல்லுது. பாஸ்வேர்ட், ஓடிபி (போனுக்கு வாற ஒருமுறை இலக்கம்), காட் நம்பர், ஐடி காட் போட்டோ, பாஸ்போட் கொப்பி, பாங்க் அக்கவுண்ட் விபரம், இதுகள்ல ஏதாவது ஒண்டைக் கேட்டு, அதையும் "இந்த லிங்க்கை அமத்துங்க", "இந்த ஃபைலைத் திறவுங்க", "இந்த நம்பருக்கு கோல் எடுங்க" எண்டு தானே ஒரு பாதையையும் காட்டுதெண்டா அங்கேயே நில்லுங்க. உண்மையாவே உங்கட அக்கவுண்ட்ல ஒரு பிரச்சினை எண்டா பாங்க் ஆப்பை நீங்களே திறந்தாலும் தெரியும், காட்டுக்குப் பின்னால அச்சடிச்சிருக்கிற நம்பருக்கு எடுத்தாலும் சொல்லுவாங்க, பிராஞ்சுக்கு நடந்து போனாலும் சொல்லுவாங்க. மெயில் காட்டின பாதையை விட்டிட்டு நமக்கு ஏற்கனவே தெரிஞ்ச பாதையால போறது, இந்த ஒரு பழக்கம் வந்திட்டா கீழ நான் எழுதிறதில பாதி மறந்தாலும் தப்பலாம்.

இன்னொண்டு, அவசரம். "24 மணித்தியாலத்துக்குள்ள செய்யாட்டி அக்கவுண்ட் பூட்டப்படும்", "இண்டைக்கு கடைசி நாள்", "உடன உறுதிப்படுத்தவும்". அனேகமான கள்ள மெயில்ல இந்த அவசரம் ஏதோ ஒரு விதத்தில இருக்கும், ஏனெண்டா நீங்க ஒரு மணித்தியாலம் பொறுத்து வீட்டில ஒரு ஆளிட்டக் காட்டினா அவன்ட வேலை முடிஞ்சுது. அதால எந்த மெயிலையும் பஸ்ல நிண்டுகொண்டோ சமைச்சுக்கொண்டோ ஒரு கையால திறந்து அமத்தாதீங்க, இரவு ஆறுதலா இருந்து பாருங்க. ரெண்டு மணித்தியாலம் பிந்தினா உண்மையான ஒரு பாங்க்கும் உங்களைத் தண்டிக்காது.

ஆர் அனுப்பினது எண்டு பார்க்கிறது

போன்ல ஜிமெயிலைத் திறந்தா மேல பெயர் மட்டும்தான் தெரியும். அந்தப் பெயரை அனுப்புற ஆள் தான் விரும்பின மாதிரி போட்டுக்கொள்ளலாம், தடுக்க ஆருமில்ல. பெயருக்குக் கீழ "எனக்கு" எண்டோ இங்கிலீஷ்ல "டு மீ" எண்டோ சின்ன எழுத்தில இருக்கும், பக்கத்தில கீழ பார்த்த மாதிரி ஒரு அம்புக்குறி. அதை அமத்தினா அனுப்பினவற்ற முழு அட்ரஸும் வரும். அதில அட் குறிக்கு முன்னால என்ன இருந்தாலும் கணக்கெடுக்காதீங்க, அட் குறிக்குப் பிறகு இருக்கிறதை மட்டும் வாசிங்க, அதையும் பின்னால இருந்து வாசிங்க.

ஏன் பின்னால இருந்து எண்டு சொல்லுறன். தபால்ட பெயரில வாற மெயிலையே எடுப்பம், எஸ்எம்எஸ்ஸாவும் இதே கதை வாறது, இலங்கை முழுக்கக் கனபேர் மாட்டினது இதில. "உங்கள் பொதியை விநியோகிக்க முடியவில்லை, முகவரி முழுமையாக இல்லை, 12 மணித்தியாலத்துக்குள் முகவரியைத் திருத்தி மீள்விநியோகக் கட்டணம் செலுத்தவும்." கட்டணம் எண்டு கேக்கிறது சின்னக் காசு, ஒரு பிளேன்டீயும் வடையும் குடிக்கிற காசுதான், அதால சனம் யோசிக்கிறேல்ல. கீழ ஒரு நீல பட்டன். பட்டனை அமத்தாம விரலை வச்சு அழுத்திப் பிடிச்சா லிங்க்கைக் கொப்பி பண்ணலாம், கொப்பி பண்ணி நோட்ஸ்ல ஒட்டிப் பாருங்க. இப்பிடி இருக்கும்: எஸ்எல்போஸ்ட், புள்ளி, ஜிஓவி, புள்ளி, எல்கே, பிறகு ஒரு சின்னக் கோடு, பார்சல், புள்ளி, டொப், பிறகு ஒரு சரிவுக் கோடு, அதுக்குப் பிறகு கண்ட கண்ட எழுத்து.

கண் முன்னுக்கு இருக்கிறதைத்தான் பிடிக்கும், எஸ்எல்போஸ்ட் டொட் ஜிஓவி டொட் எல்கே எண்டு கண்டவுடன "சரி தபால் திணைக்களம்தான்" எண்டு மனம் சொல்லிடும். ஆனா தளம் ஆருட சொந்தம் எண்டு பார்க்கிற முறை வேற. லிங்க்ட தொடக்கத்தில எச்டிடிபிஎஸ் எண்டு இருந்தா அதையும் பக்கத்தில இருக்கிற ரெண்டு சரிவுக் கோட்டையும் விடுங்க, அதுக்குப் பிறகு வாற முதலாவது சரிவுக் கோட்டில நில்லுங்க, அங்க இருந்து இடப்பக்கமா வாங்க. முதல்ல டொப், பிறகு புள்ளி, பிறகு "எல்கே கோடு பார்சல்". அவ்வளவுதான் அந்தத் தளத்தின்ட உண்மையான பெயர், எவனோ ஒருத்தன் சொச்சக் காசு குடுத்து வாங்கின பெயர். அதுக்கு முன்னால இருக்கிற எஸ்எல்போஸ்டும் ஜிஓவியும் அவன் தன்ட பெயருக்கு முன்னால தானே ஒட்டிக்கொண்டது, வீட்டு கேட்ல கச்சேரி எண்டு போர்ட் மாட்டினா வீடு கச்சேரி ஆகாதெல்லோ. உண்மையான தபால் தளம் ஜிஓவி டொட் எல்கேயோட முடியும், அதுக்கங்கால உடன சரிவுக் கோடு வரும், இல்லாட்டி ஒண்டுமே வராது. ஜிஓவி டொட் எல்கே எண்டு முடியிற பெயரை அரச நிறுவனங்களுக்கு மட்டும்தான் குடுக்கிறது.

இதில நமக்கு ஒரு கஷ்டம் இருக்கு எண்டதையும் சொல்லத்தான் வேணும். நம்ம நாட்டில சின்னச் சின்ன அரச ஒஃபிஸ்கள் கனக்க சாதாரண ஜிமெயில்ல இருந்துதான் மெயில் அனுப்புது, அதால "ஜிமெயில்ல வந்தா கள்ளம்" எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லேலாது. இது மாற வேணும், சனத்தைப் பழக்கிறதே பிழையாப் பழக்கிறம். அதுவரைக்கும், டிஎஸ் ஒஃபிஸ்ல (பிரதேச செயலகத்தில) இருந்து எண்டு மெயில் வந்து ஐடி காட்டோ பாங்க் புத்தகத்தின்ட முன் பக்கமோ கேட்டா, நேர போங்க, இல்லாட்டி உங்கட ஜிஎஸ்ஸிட்ட (கிராம சேவகரிட்ட) ஒரு கோல் எடுத்துக் கேளுங்க. நம்ம திருகோணமலை, அதாவது திருமலை, டவுனுக்குள்ள இருக்கிறவைக்கு இது பெரிய தூரமில்ல.

பிரவுசர்ல மேல அட்ரஸுக்குப் பக்கத்தில பூட்டுப் படம் இருந்தா தளம் நல்லது எண்டு முந்திச் சொல்லிக் குடுத்தது, அதையும் மறந்திடுங்க. பூட்டு எண்டா நீங்க அனுப்புறதை நடுவில ஆரும் வாசிக்கேலாது எண்டு மட்டும்தான் அர்த்தம், அந்தப் பக்கம் இருக்கிறவன் கள்ளனா எண்டு பூட்டுக்குத் தெரியாது. அந்தப் பூட்டு இப்ப ஆருக்கும் சும்மா கிடைக்குது.

சரி, பட்டனை அமத்தினா என்ன நடக்கும். பெயர், அட்ரஸ், போன் நம்பர் கேக்கும், பிறகு காட் நம்பர், முடிவுத் திகதி, பின்னால இருக்கிற மூண்டு இலக்கம். இதை நீங்க அடிக்க அடிக்க அங்கால ஒருத்தன், இல்லாட்டி ஒரு புரோகிராம், அதே விபரத்தை வேற ஒரு கடையில போட்டுக்கொண்டிருக்கும். உங்கட போனுக்கு ஓடிபி வரும், பேஜ்லயும் ஓடிபி அடிக்கச் சொல்லும், நீங்களும் தபால் காசுக்குத்தான் எண்டு அடிப்பீங்க. அந்த எஸ்எம்எஸ்ஸை ஒருக்கா முழுசா வாசிச்சா அனேகமா எவ்வளவு காசு, எந்தக் கடை எண்டு அதிலேயே இருக்கும், சில நேரம் டொலர்லயோ யூரோலயோ. ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்து அடிக்கிற பழக்கத்தை விட்டிட்டு எஸ்எம்எஸ்ஸை முதல் எழுத்தில இருந்து வாசிக்கிற பழக்கத்தை வீட்டில எல்லாருக்கும், முக்கியமா அம்மா அப்பாவுக்கு, பழக்குங்க.

வெளிநாட்டில இருந்து உண்மையாவே பார்சல் வரவேண்டி இருந்தா, பதிவுத் தபாலா வாற பொதிக்கு 13 எழுத்தில ஒரு நம்பர் இருக்கும், முன்னால ரெண்டு இங்கிலீஷ் எழுத்து, நடுவில 9 இலக்கம், கடைசியில அனுப்பின நாட்டின்ட ரெண்டு எழுத்து. கள்ள மெயில்ல அனேகமா அந்த நம்பர் இருக்காது, இருந்தாலும் தபால் தளத்தை நீங்களே தேடித் திறந்து அதில போட்டா ஒண்டும் வராது. அதுவும் சந்தேகம் எண்டா தபாற்கந்தோருக்குப் போய்க் கவுண்டர்ல கேளுங்க.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ரூம் குடுக்கிறவைக்கு

இதைக் கொஞ்சம் விரிவா எழுதிறன், ஏனெண்டா நம்ம கரையில சித்திரை கழிஞ்சு புரட்டாதி வரைக்கும்தான் சீசன், அந்த நாலைஞ்சு மாசத்தில ஒரு கெஸ்ட் ஹவுஸ்ட அக்கவுண்ட் களவு போனா அந்த வருச உழைப்பே போகும். நாலு ரூம் வச்சு வீட்டில அக்கா தங்கச்சி சேர்ந்து நடத்திறவைதான் கனபேர், ஐடி டிப்பார்ட்மெண்ட் எண்டு ஒண்டும் இல்ல, புக்கிங் பார்க்கிறதும் அவையள்தான், மீன் வாங்கப் போறதும் அவையள்தான்.

வாற மெயில் இப்பிடி இருக்கும். ஒரு கெஸ்ட் உங்கட இடத்தைப் பத்தி மோசமா ரிவியூ எழுதியிருக்கிறார், பதில் சொல்ல இங்க அமத்தவும். இல்லாட்டி, நாங்க ஒரு குடும்பமா வாறம், பிள்ளைக்கு அலர்ஜி இருக்கு, டொக்டர்ட விபரம் இந்த லிங்க்ல இருக்கு தயவுசெய்து பாருங்க. இல்லாட்டி, உங்கட புரொப்பர்ட்டி அக்கவுண்டை வெரிஃபை பண்ணாட்டி லிஸ்டிங்கை எடுத்திடுவம். ரிவியூ எண்டு கேட்டாலே நெஞ்சு இடிக்கும், பிள்ளைக்கு வருத்தம் எண்டா உடன பார்க்கத் தோணும், நல்ல மனசு உள்ள ஆள்தான் கெதியா அமத்தும், அதைத் தெரிஞ்சுதான் எழுதிறாங்கள்.

அமத்தினா, ரூம் புக் பண்ணுற புக்கிங் டொட் கொம் தளம் மாதிரியே ஒரு பேஜ் வரும், "நான் ரோபோ இல்லை" எண்டு டிக் போடச் சொல்லும். டிக் போட்ட பிறகுதான் விசயமே. "உறுதிப்படுத்த விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமத்துங்க, பிறகு கொன்ட்ரோலும் வியும், பிறகு என்டர்" எண்டு வடிவா படம் போட்டுக் காட்டும். நீங்க டிக் போட்ட நேரமே அந்த பேஜ் உங்கட கொம்பியூட்டர்ட கிளிப்போட்ல (கொப்பி பண்ணினது தங்கிற இடத்தில) ஒரு கட்டளையை வச்சிட்டுது, நீங்க உங்கட கையாலேயே அதை ஓட விடுறீங்க. ஓடினவுடன பிரவுசர்ல சேவ் பண்ணி வச்சிருக்கிற பாஸ்வேர்ட் எல்லாம் அவனுக்குப் போகும். புக்கிங் டொட் கொம்ட பெயரில ஹோட்டல்காரரைக் குறி வச்சு இந்த மாதிரி ஒண்டு 2024 டிசம்பர்ல இருந்து நடக்குது எண்டு மைக்ரோசொஃப்ட் கொம்பனி 2025 மார்ச்ல வெளிப்படையா எழுதினது. எந்த உண்மையான தளமும், உலகத்தில எந்தத் தளமும், நீங்க ஆள்தான் எண்டு காட்ட விண்டோஸ் பட்டனையும் ஆரையும் அமத்தச் சொல்லாது. அந்த வரியைக் கண்டா பேஜை மூடுங்க, அவ்வளவுதான்.

அக்கவுண்ட் அவன்ட கைக்குப் போனா பிறகு அவன் உங்களிட்டக் களவெடுக்கிறேல்ல, உங்கட கெஸ்டிட்டக் களவெடுக்கிறான். வாற மாசம் வரப்போற ஜெர்மன்காரிக்கு உங்கட இன்பொக்ஸ்ல இருந்தே மெசேஜ் போகும், அவவின்ட பெயர், திகதி, ரூம் எல்லாம் சரியா இருக்கும், "காட்டை மறுபடி உறுதிப்படுத்துங்க, இல்லாட்டி புக்கிங் கான்சல்" எண்டு. அவ ஏன் சந்தேகப்படப்போறா. காசு போன பிறகு அவ ரிவியூ எழுதிறது உங்கட இடத்துக்குத்தான்.

அதால செய்ய வேண்டியது: எக்ஸ்ட்ராநெட்டுக்கு, அதாவது புக்கிங் டொட் கொம்ல ரூம்காரர் உள்ள போற பேஜுக்கு, மெயில் லிங்க்கால ஒருநாளும் போகாதீங்க. அட்மின் டொட் புக்கிங் டொட் கொம் எண்டதை ஒருக்கா நீங்களே அடிச்சு புக்மார்க் பண்ணி வையுங்க, ரிவியூ வந்தாலும் கம்ப்ளெயின்ட் வந்தாலும் அந்த புக்மார்க்கால போய்ப் பாருங்க, உண்மை எண்டா உள்ள இருக்கும். டூ ஸ்டெப் வெரிஃபிகேசன் (பாஸ்வேர்டோட இன்னொரு உறுதிப்படுத்தலும் கேக்கிற முறை) போடுங்க. சீசனுக்கு வேலைக்கு வாற பெடியனுக்கு உங்கட லொகினைக் குடுக்காம அவனுக்கெண்டு தனி யூசர் திறந்து குடுங்க, சீசன் முடிஞ்சு அவன் போனவுடன அதை எடுத்திடுங்க. அந்தக் கொம்பியூட்டர்ல பிள்ளையள் கேம் டவுன்லோட் பண்ணாம இருந்தா இன்னும் நல்லம்.

வெளிநாட்டு வேலை, விசா

திருமலையில வெளிநாட்டில ஆள் இல்லாத வீடு குறைவு, போக நினைக்காத பெடியனும் குறைவு. கனடாவில ஸ்டோர் வேலை, கட்டார்ல செக்யூரிட்டி வேலை, ஒஃபர் லெட்டரோட மெயில் வரும், இன்டர்வியூ எதுவும் இருக்காது, பாஸ்போட் கொப்பி, ஐடி காட் ரெண்டு பக்கமும், பாங்க் ஸ்டேட்மென்ட் அனுப்பச் சொல்லும். காசு பிறகுதான் கேப்பான். காசு குடுக்காட்டி தப்பிட்டம் எண்டு நினைக்கிறீங்க, ஆனா பாஸ்போட்டும் ஐடியும் ஏற்கனவே போட்டுது, அதுவே அவனுக்குப் பாதிக் கூலி.

கனடாவுக்கு எண்டா ஒரு விசயம் தெரிஞ்சு வையுங்க. இப்பிடியான வேலைக்கு வெளிநாட்டு ஆளை எடுக்க அங்க முதலாளி அனேகமா எல்எம்ஐஏ எண்டு ஒரு அனுமதி எடுக்க வேணும், அதுக்கு ஒரு ஆளுக்கு 1000 கனேடியன் டொலர் ஃபீஸ், அதை முதலாளிதான் கட்ட வேணும், வேலைக்கு வாற ஆளிட்ட அறவிடக் கூடாது. "எல்எம்ஐஏ ஃபீஸை நீங்க போடுங்க, வந்த பிறகு சம்பளத்தில திருப்பித் தாறம்" எண்டு மெயில்ல இருந்தா அதோட முடிஞ்சுது, மேல வாசிக்கத் தேவையில்ல. கனடா அரசாங்கத்தின்ட தளங்களும் மெயில்களும் கனடா டொட் சிஏ எண்டோ ஜிசி டொட் சிஏ எண்டோதான் முடியும், மேல சொன்ன மாதிரி பின்னால இருந்து வாசிச்சுப் பாருங்க. மத்திய கிழக்கு எண்டா வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 எண்ட நம்பருக்கு எடுத்து அந்த ஏஜென்சிக்கு லைசென்ஸ் இருக்கா, அந்த வேலைக்கு அனுமதி இருக்கா எண்டு கேளுங்க, தமிழ்லயே கேக்கலாம். மெயில்ல லைசென்ஸ் நம்பர் போட்டிருக்கு எண்டு நம்பாதீங்க, வேற ஏஜென்சிட நம்பரைக் கொப்பி பண்ணிப் போடுறதுக்கு எவ்வளவு நேரம்.

ஸ்கொலர்ஷிப், நிவாரணம் எண்டு கூகுள் ஃபோம் லிங்க் வாறதும் இந்த வகைதான். கூகுள் ஃபோம் எண்டதால கூகுள் அனுப்பினது எண்டு அர்த்தமில்ல, ஆரும் அஞ்சு நிமிசத்தில ஒண்டு செய்யலாம். அந்த ஃபோம்ட கீழ "பாஸ்வேர்டை இதில அனுப்பாதீங்க" எண்டு கூகுளே எழுதி வச்சிருக்கு, அதைப் பாருங்க. அஸ்வெசும (அரச நிவாரணக் காசு) சம்பந்தமா எண்டா 1924க்கு எடுங்க, இல்லாட்டி டிஎஸ் ஒஃபிஸ்.

ஐடி காட் போட்டோ ஏன் இவ்வளவு பெரிய விசயம்

"ஐடி நம்பர்தானே, அதை வச்சு என்ன செய்யப்போறான்" எண்டு கேக்கிற ஆக்களுக்கு இது. நம்மட புது ஐடி நம்பர்ல 12 இலக்கம். முதல் நாலும் பிறந்த வருசம். அடுத்த மூண்டும் வருசத்தில எத்தினையாவது நாள் பிறந்தீங்க எண்டது, பொம்பிளையள் எண்டா அதோட 500 கூட்டியிருக்கும். 1998க்குப் பிறகு 532 எண்டு இருந்தா, 500ஐக் கழிச்சா 32, அப்ப அது பெப்ரவரி 1ல பிறந்த பொம்பிளை. பழைய நம்பர்லயும் இதே கணக்குத்தான், வருசம் ரெண்டு இலக்கத்தில இருக்கும், கடைசியில எழுத்து இருக்கும். அப்ப நம்பரைக் குடுத்தாலே பிறந்த திகதியும் ஆணா பெண்ணா எண்டதும் சேர்ந்து போகுது, காட்டின்ட போட்டோவைக் குடுத்தா முகம், அட்ரஸ் எல்லாம் போகுது. கஸ்டமர் கெயாருக்கு எடுத்தா உங்களை அடையாளம் காண என்ன கேக்கிறாங்க எண்டு யோசிச்சுப் பாருங்க. இதுகளைத்தான் கேக்கிறாங்க.

தெரிஞ்ச இடத்துக்கே ஐடி கொப்பி அனுப்ப வேண்டி வந்தா, போட்டோக்கொப்பியில குறுக்கால பேனையால எழுதுங்க, "இன்ன தேவைக்கு மட்டும்", இன்ன திகதி எண்டு, பெயரையும் நம்பரையும் மறைக்காம ஆனா அழிக்கேலாத மாதிரி. அதுக்குப் பிறகு படம் எடுத்து அனுப்புங்க.

மெயில் ஐடியை ஆர் திறந்து தந்தது

இதைப் பத்தி ஆரும் எழுதிறேல்ல, ஆனா நம்ம ஊருக்கு இதுதான் முக்கியம் எண்டு நான் நினைக்கிறன். கனபேற்ற மெயிலை அவையள் திறக்கேல்ல. வேலைக்கு அப்ளிகேசன் போடப் போகேக்க மெயில் ஐடி வேணும் எண்டு சொல்லியிருப்பாங்க, பக்கத்தில இருக்கிற கொமினிகேசன் கடையில தம்பி ஒருத்தர் ரெண்டு நிமிசத்தில திறந்து, துண்டில எழுதிக் குடுத்திருப்பார். பாஸ்வேர்ட் உங்கட பெயரும் 123ம், இல்லாட்டி உங்கட போன் நம்பர். ரிகவரி நம்பர் (பாஸ்வேர்ட் மறந்தா மீட்கிற நம்பர்) கேட்ட இடத்தில அவசரத்துக்குத் தன்ட கடை நம்பரை அடிச்சிருப்பார். அந்தத் தம்பியைக் குறை சொல்ல ஒண்டுமில்ல, பின்னேரம் லைன்ல பத்துப் பேர் நிக்கேக்க உதவி செய்தவர். ஆனா இண்டைக்கு உங்கட பாங்க், பேஸ்புக், பிள்ளைட கம்பஸ் அப்ளிகேசன் எல்லாம் அந்த மெயில்லதான் தொங்குது. மெயில் போனா மற்ற எல்லாத்துக்கும் "பாஸ்வேர்ட் மறந்திட்டன்" எண்டு அமத்தி ஒவ்வொண்டா எடுத்திடலாம், கள்ள மெயில் அனுப்புறவன் கடைசியா ஆசைப்படுறதும் இதுக்குத்தான்.

இண்டைக்கே செய்யுங்க. ஜிமெயில்ல வலப்பக்கம் மேல இருக்கிற உங்கட வட்டப் படத்தை அமத்தி, கூகுள் அக்கவுண்ட், அதில செக்யூரிட்டி. ரிகவரி போன், ரிகவரி மெயில் ரெண்டையும் பாருங்க, உங்கட நம்பர் இல்லாட்டி மாத்துங்க. "உங்கட டிவைஸ்கள்" எண்ட இடத்தில தெரியாத கொம்பியூட்டர் இருந்தா சைன் அவுட் பண்ணுங்க, பழைய கடைக் கொம்பியூட்டர் ஒண்டு இன்னும் அதில இருக்கக் கூடும். பாஸ்வேர்டை மாத்துங்க, ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொல்லை இங்கிலீஷ் எழுத்தில தொடர்ச்சியா எழுதினா போதும், ஞாபகமும் நிக்கும். கொப்பியில எழுதி அலுமாரிக்குள்ள வைக்கிறது பிழையில்ல, எங்கயோ நாட்டில இருக்கிறவனுக்கு உங்கட அலுமாரி தெரியாது. ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்துக்கும் பாவிக்கிறதுதான் பிழை.

பிறகு டூ ஸ்டெப் வெரிஃபிகேசன். எஸ்எம்எஸ்ஸை விட ஒதென்டிகேட்டர் ஆப் (போன்லயே கோட் காட்டுற ஆப்) நல்லம், பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலா போன் பூட்டாலேயே உள்ள போற முறை) போட ஏலுமெண்டா அது எல்லாத்தையும் விட நல்லம், ஏனெண்டா பாஸ்கீ உண்மையான தளத்தில மட்டும்தான் வேலை செய்யும், கள்ளத் தளத்தில நீங்க குடுக்க நினைச்சாலும் போகாது. போட்ட பிறகு பேக்கப் கோட் எண்டு 10 கோட் தரும், ஒவ்வொண்டும் ஒருக்காத்தான் பாவிக்கலாம், அதைப் பிரிண்ட் எடுத்து வையுங்க. வெளிநாடு போறவை கட்டாயம் எடுத்துக்கொண்டு போங்க, அங்க போய் இறங்கினவுடன நம்ம சிம் வேலை செய்யாம, மெயிலுக்குள்ள போகேலாம, விசாப் பேப்பர் எல்லாம் அதுக்குள்ள கிடக்க நிக்கிற நிலை வேண்டாம்.

கடைக் கொம்பியூட்டர்ல லொகின் பண்ணினா லொக் அவுட் பண்ணிட்டு எழும்புங்க, டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல உங்கட ஐடி ஸ்கேன் கிடந்தா அழிக்கச் சொல்லுங்க, ரீசைக்கிள் பின்லயும். கேக்க வெட்கப்படத் தேவையில்ல, "தம்பி, அந்த ஸ்கேனை ஒருக்கா அழிச்சு விடுங்கோ" எண்டா செய்வாங்க.

அட்டாச்மென்ட் பத்தி ரெண்டு வரி. இன்வொய்ஸ் எண்டு எச்டிஎம்எல் ஃபைல் வந்தா திறக்காதீங்க, திறந்தா அதுவே ஒரு கள்ள லொகின் பேஜ். பாஸ்வேர்ட் போட்ட சிப் ஃபைலும், ஏபிகே ஃபைலும் (போன்ல ஆப் ஏத்திற ஃபைல்) திறக்காதீங்க. மெயில்ல கியூஆர் படம் வந்து ஸ்கேன் பண்ணச் சொன்னா அதுவும் லிங்க்தான், வேற உடுப்பில.

"உங்கட கமராவை ஹக் பண்ணிட்டன், வீடியோ இருக்கு, பிட்கொயின் அனுப்பு" எண்டு உங்கட பழைய பாஸ்வேர்டையும் போட்டு மெயில் வரும். இளம் பிள்ளையள் இதுக்குத்தான் கூடப் பயப்படுறது, ஆரிட்டயும் சொல்லுறேல்ல. அந்தப் பாஸ்வேர்ட் முந்தி எங்கயோ ஒரு தளத்தில கசிஞ்சது, அதை ஆயிரக்கணக்கான ஆக்களுக்கு ஒரே மெயிலா அனுப்புறான். காசும் அனுப்பாதீங்க, பதிலும் போடாதீங்க, அந்தப் பாஸ்வேர்ட் இன்னும் எங்கயும் பாவனையில இருந்தா மாத்துங்க. வீட்டில பிள்ளை முகம் வாடி இருந்தா ஏசாம கேளுங்க.

ஏற்கனவே குடுத்திட்டீங்க எண்டா

காட் விபரமோ ஓடிபியோ குடுத்திருந்தா முதல் கோல் பாங்க்குக்கு, அந்த நிமிசமே, இரவு ரெண்டு மணி எண்டாலும். காட்டுக்குப் பின்னால நம்பர் இருக்கு. காட்டை புளொக் பண்ணச் சொல்லுங்க, நடந்த டிரான்ஸாக்சனை டிஸ்பியூட் பண்ணுறன் எண்டு சொல்லுங்க, கம்ப்ளெயின்ட் நம்பர் கேட்டு எழுதி வையுங்க, அடுத்த நாள் பிராஞ்சுக்குப் போய் எழுத்திலயும் குடுங்க. புருசனுக்குத் தெரிஞ்சா ஏசுவார், மகன் சிரிப்பான் எண்டு விடியும் வரை காத்திருக்காதீங்க, அந்த நேரத்துக்குள்ளதான் காசு கை மாறுது.

பாஸ்வேர்ட் குடுத்திருந்தா வேற ஒரு போன்ல இருந்து மாத்துங்க, எல்லா டிவைஸையும் சைன் அவுட் பண்ணுங்க. அதோட நிக்காதீங்க. கொம்பியூட்டர்ல ஜிமெயிலைத் திறந்து செட்டிங்ஸ்ல ஃபோர்வடிங், ஃபில்டர் ரெண்டையும் பாருங்க, போன் ஆப்ல இது தெரியாது. உள்ள வந்தவன் போகேக்க "பாங்க் மெயில் எல்லாம் எனக்கு ஒரு கொப்பி" எண்டு ஒரு ஃபில்டரைப் போட்டிட்டுப் போயிருப்பான், பாஸ்வேர்ட் மாத்தினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். எனிடெஸ்க் மாதிரி, தூரத்தில இருந்து உங்கட போனைப் பார்த்து இயக்கிற ஏதும் ஆப் போடச் சொல்லிப் போட்டிருந்தா முதல்ல டேட்டாவை நிப்பாட்டி, ஆப்பை அழிச்சு, பிறகு மற்ற வேலை.

மெயிலை அழிக்காதீங்க. ஸ்கிரீன்ஷொட் எடுங்க, லிங்க்கைக் கொப்பி பண்ணி வையுங்க, பாங்க் எஸ்எம்எஸ்ஸையும் வையுங்க, அதுதான் சாட்சி. இலங்கை செர்ட் எண்டு கணினிப் பாதுகாப்புக்கு ஒரு அரச நிறுவனம் 2006ல இருந்து இருக்கு, 101க்கு எடுத்தா என்ன செய்யிறது எண்டு சொல்லுவாங்க, ஆனா அவங்க பொலிஸ் இல்ல, காசைப் பிடிச்சுத் தரமாட்டாங்க. காசு போனா பொலிஸ்ல என்ட்ரி போட வேணும், 2007ம் ஆண்டு 24ம் இலக்க கணினிக் குற்றச் சட்டம் இருக்கு, சிஐடியில இதுக்கெண்டு தனிப் பிரிவும் இருக்கு. என்ட்ரி கொப்பி பாங்க்குக்கும் தேவைப்படும்.

காசு போன ஆக்களைத் தேடி பிறகு இன்னொரு மெயில் வரும், "உங்கட காசை மீட்டுத் தாறம், நாங்க சைபர் பிரிவு, சின்ன ஃபீஸ் மட்டும்" எண்டு. போன தொகையும் சரியாச் சொல்லுவான், ஏனெண்டா அதை எடுத்தவனே அவன்தான், இல்லாட்டி அவனிட்ட உங்கட பெயரை வாங்கினவன். பொலிஸோ செர்ட்டோ காசை மீட்கிறதுக்கு ஃபீஸ் கேட்டு மெயில் போடுறேல்ல. அந்த மெயிலையும் அழிக்காம, பதில் போடாம, முதல் போட்ட என்ட்ரியோட சேர்த்துக் குடுங்க.